பைலகுப்பே லோசாரும் கேமரா அண்ணாச்சிகளும்



ஜனவரி முடியப் போகிறது என்றால் மைசூரில் இருக்கிற எனக்கு ஒரே மாதிரி போன்கள் வர ஆரம்பித்துவிடும். "அண்ணாச்சி, திபெத்காரங்க புது வருஷம் இந்த வாட்டி எப்போ? அந்த முகமூடி டான்ஸ் எந்த நாள்? கேமராவை உள்ளே விடுவாங்களா?" பெங்களூர் ஐ.டி. தம்பிகள் கேட்பார்கள், கோயம்புத்தூர் சித்தப்பா கேட்பார், லீவில் வரும் சிங்கப்பூர், நியூஜெர்சி சொந்தங்கள் கேட்பார்கள். பேங்கில் வேலை பார்க்கிறவனிடம் வட்டி விகிதம் கேட்டதெல்லாம் அந்தக் காலம் :-)

தேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். லோசார் சந்திரக் கணக்குப்படி வருவதால் வருஷா வருஷம் மாறும். 2025-இல் பிப்ரவரி 28, 2026-இல் பிப்ரவரி 18. முகமூடி நடனம் பெரும்பாலும் லோசாருக்கு முந்தைய நாட்களில் நடக்கும். எந்த மடத்தில் எந்த நாள் என்பதைக் கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேமரா விஷயத்துக்குத்தான் இந்தப் பதிவு. என் கட்சி ரொம்பச் சின்னது. ஆட்டத்தை எடுங்கள். ஆளை எடுக்குமுன் கேளுங்கள். கேட்டு எடுத்த படத்தையும் நெட்டில் போடுமுன் இன்னொரு தடவை கேளுங்கள். "இதுக்கு ஏன்யா இவ்வளவு பில்டப்" என்கிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். ஏன் என்று தெரிய வேண்டியவர்கள் மேலே படியுங்கள்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. 1959-இல் தலாய் லாமா இந்தியாவுக்கு வந்தார். அவர் பின்னாலேயே ஆயிரக்கணக்கான ஜனங்கள் இமயமலையைத் தாண்டி வந்தார்கள். அவர்களுக்கு நிலம் கொடுக்க முன்வந்த மாநிலங்களில் முக்கியமானது அன்றைய மைசூர் மாநிலம். 1961-இல் பைலகுப்பேயில் இந்தியாவின் முதல் திபெத்தியக் குடியிருப்பு உருவானது. 1969-இல் பக்கத்திலேயே இரண்டாவது. மைசூரிலிருந்து ஹுன்சூர், பிரியாபட்டணா வழியாகப் போனால் 80 கிலோமீட்டர் சொச்சம். அன்றைக்கு அது காடு. குளிர் தேசத்து ஜனங்கள் அந்தக் காட்டை வெட்டித் திருத்திச் சோளம் போட்டார்கள்.

1963-இல் பெனோர் ரின்போச்சே அங்கே நம்ட்ரோலிங் மடத்தை ஆரம்பித்தார். அதற்குள் 1999-இல் திறந்த பத்மசம்பவ விகாரைத்தான் நம் ஆட்கள் கோல்டன் டெம்பிள் என்கிறார்கள். உள்ளே நடுவில் 60 அடி புத்தர், இரண்டு பக்கமும் 58 அடியில் பத்மசம்பவரும் அமிதாயுஸும். செரா, தாஷி லுன்போ ஆகிய பெரிய மடங்களும் பைலகுப்பேயில்தான் மறுபடி முளைத்தன. தமிழ்நாட்டில் மழைக்காலம் முடியும்போது தெருவோரம் ஸ்வெட்டர் விற்பார்களே, நாம் பொத்தாம்பொதுவாக "நேபாளி" என்று சொல்லிவிட்டுப் போவோமே, அவர்களில் பலர் இந்த மாதிரிக் குடியிருப்புகளிலிருந்து வரும் திபெத்தியர்கள்தான்.

இப்போது அந்த நடனம். 'சாம்' என்று பெயர். கோர முகமூடி, பட்டு அங்கி, ஆள் உயரத்தை மிஞ்சும் நீளக் கொம்பு வாத்தியம், ஜால்ரா, பெரிய முரசு. பார்க்கிறவனுக்கு இது கலை நிகழ்ச்சி மாதிரித் தெரியும். ஆடுகிறவருக்கு அது பூஜை. ஆடுகிறவர்கள் துறவிகள். எந்தத் தெய்வத்தின் முகமூடியைப் போடுகிறாரோ அந்தத் தெய்வத்தை மனதில் இருத்தித் தியானம் செய்து, மந்திரம் சொல்லித் தயாராகிவிட்டுத்தான் களத்துக்கு வருவார். போன வருஷத்தின் கெட்டதையெல்லாம் விரட்டிவிட்டுப் புது வருஷத்துக்குள் நுழைவதற்கான சடங்கு அது. சுற்றி உட்கார்ந்திருக்கும் கிழவிகள் கையில் ஜெபமாலை உருண்டுகொண்டே இருக்கும். அவர்கள் கணக்கில் எதிரே ஆடுவது ஆளில்லை, சாமி.

அந்த இடத்தில் நம் கேமரா அண்ணாச்சிகள் செய்வதைச் சொல்லணும். கோடு போட்டிருந்தால் கோட்டைத் தாண்டி ஒரு கால் உள்ளே இருக்கும். முன்வரிசையில் மூணு மணி நேரமாக உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு முன்னால் போய் நின்று முதுகைக் காட்டுவார்கள். தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்து கும்பிட்டுக்கொண்டே வரும் அம்மாவின் முகத்துக்கு ஒரு அடி தூரத்தில் குனிந்து லென்ஸை நீட்டுவார்கள். அந்த அம்மா எழுந்திருக்கும்போது கண்ணுக்கு முன்னால் தெரிவது சாமியில்லை, ஒரு கண்ணாடிக் குழல். செல்போன்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. சின்னத் துறவிப் பையனைத் தோளில் கைபோட்டு இழுத்து நிறுத்தி செல்பி எடுத்துக்கொண்டு, பெயர்கூடக் கேட்காமல் போய்விடுகிறார்கள்.

எனக்குச் சொந்த ஊர் திருச்செந்தூர் பக்கம். மைசூர் தசரா உலகப் பிரசித்தம் என்றால் குலசேகரப்பட்டினம் முத்தாரம்மன் தசரா எங்கள் பிரசித்தம். வேண்டுதல் வைத்து, மாலை போட்டு, விரதம் இருந்து, காளி, ராஜா, குரங்கு, பிச்சைக்காரர் என்று வேஷம் கட்டி வீடு வீடாகத் தர்மம் எடுத்து அந்தக் காசைக் கோயில் உண்டியலில் சேர்ப்பார்கள். காளி வேஷம் கட்டுகிறவருக்கு விரதம் ரொம்பக் கடுமை. சடைமுடியும் கிரீடமும் ஏறிவிட்டால் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். பெத்த தாயே காலில் விழுவாள். அந்தக் காளியைப் பார்த்து, "அண்ணே, நாக்கை நீட்டுங்க, இந்தப் பக்கம் திரும்புங்க" என்று டைரக்‌ஷன் கொடுக்கும் வெளியூர் கேமராக்காரரைப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் ஊர்க்காரனுக்கு வயிறு எரியும். சாம் நடனத்துக்குள் ஒரு கால் வைத்து நிற்கும் ஆளைப் பார்க்கும்போது பைலகுப்பே பெரியவருக்கு எரிவதும் அதே வயிறுதான்.

வெளிநாட்டில் இருக்கும் மக்களுக்கு இன்னும் நன்றாகவே புரியும். பத்துமலையில், சிங்கப்பூரில் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை போகும் தைப்பூச ஊர்வலத்தில், நம் வீட்டுப் பையன் காவடி தூக்கி வருகிறான். அவன் தூக்கியிருப்பது அவன் அம்மாவின் ஆபரேஷனுக்காக நேர்ந்துகொண்டதாக இருக்கும். டூரிஸ்டுக்கு அது "அடேயப்பா, கன்னத்தில் வேல்". ஊரிலும் இதே கதைதான். அங்கப்பிரதட்சணம் செய்யும் ஈரப்புடவைப் பெண்ணை, சாமி வந்து ஆடும் அக்காவை வீடியோ எடுத்து, அதற்கு ஒரு சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டு வாட்ஸப்பில் சிரிக்கிறோம். 2022 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்யச் சொன்னது. அந்த வழக்கு கிளம்பியதே எங்கள் திருச்செந்தூரிலிருந்துதான். கோர்ட் சொல்லித்தான் நமக்கு இது தெரியவேண்டியிருந்தது.

இதுவரை சொன்னது மரியாதை சம்பந்தப்பட்டது. இனிமேல் சொல்லப்போவது ஆபத்து சம்பந்தப்பட்டது. இதைத்தான் பலர் யோசிப்பதில்லை.

பைலகுப்பேயில் பார்க்கும் எல்லோரும் இந்தியாவில் பிறந்தவர்கள் இல்லை. 2008 வரைக்கும் வருஷத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் பேர் எல்லையைத் தாண்டி வந்துகொண்டிருந்தார்கள். 2008-இல் திபெத்தில் பெரிய கலகம் நடந்தபிறகு கெடுபிடி இறுகி, சமீப வருஷங்களில் அது சில பத்துப் பேராகச் சுருங்கிவிட்டது. இப்படி வந்தவர்களின் அப்பா, அம்மா, அண்ணன், அக்கா எல்லோரும் அந்தப் பக்கம் இருக்கிறார்கள்.

2012 ஜனவரியில் புத்தகயாவில் காலச்சக்ர பூஜை நடந்தது. திபெத்திலிருந்து பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு முறையாகவே ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள். பூஜை முடிந்து வீட்டுக்குத் திரும்பியவர்களில் நூற்றுக்கணக்கானவர்களைச் சீன அரசு பிடித்து வைத்து "அரசியல் மறுகல்வி" கொடுத்தது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அந்த பிப்ரவரியிலேயே இதை வெளியில் சொன்னது. அவர்கள் செய்த குற்றம் என்ன? ஒரு பூஜைக்கு வந்தது. வந்ததே குற்றம் என்றால், வந்ததற்கு ஒரு போட்டோவைவிட நல்ல சாட்சி உண்டா? முகத்தைக் கொடுத்தால் ஆளைச் சொல்லிவிடும் கம்ப்யூட்டர் இன்றைக்கு இருக்கிறது. நாம் "லோசார் 2026, பைலகுப்பே" என்று ஊரும் தேதியும் தலைப்பாகக் கொடுத்து, முகமும் பளிச்சென்று தெரிய, நல்ல ரெசல்யூஷனில் ஏற்றிவிடுகிறோம்.

ஒவ்வொரு படமும் போலீஸ் கைக்குப் போகும் என்று நான் சொல்லவில்லை. எந்தப் படம் போகும், யார் வீட்டைத் தட்டும் என்பது எடுக்கிற நமக்குத் தெரியாது. எடுக்கப்படும் அந்தம்மாவுக்குத் தன் அண்ணன் எந்த ஊரில் இருக்கிறான் என்பது தெரியும். அதனால்தான் முடிவு அவர்கள் கையில் இருக்கவேண்டும். ஈழத்து மக்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. லண்டனிலோ டொராண்டோவிலோ ஊர்வலத்தில் நின்றுகொண்டு, "அம்மா அங்கே இருக்கிறா" என்று கேமராவுக்கு முகத்தைத் திருப்புவது என்னவென்று அவர்கள் நமக்குச் சொல்லித் தருவார்கள்.

2025 ஜனவரி 7-ஆம் தேதி திபெத்தில் டிங்ரியில் நிலநடுக்கம். சீன அரசின் கணக்குப்படியே 126 பேர் இறந்தார்கள். அப்போது தலாய் லாமா பைலகுப்பேயில் தாஷி லுன்போ மடத்தில் தங்கியிருந்தார். அங்கேயே இறந்தவர்களுக்காகப் பெரிய பிரார்த்தனை நடந்தது. டிங்ரி இருக்கும் ஷிகாட்சே பகுதிதான் தாஷி லுன்போவின் தாய் மடம் இருக்கும் இடம். சொந்தபந்தம் உயிரோடு இருக்கிறதா என்று தெரியாமல் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஒருவரின் முகம் போட்டோகிராபருக்கு "எமோஷனல் போர்ட்ரெய்ட்". எழவு வீட்டில் போய் யாரும் அப்படி லென்ஸை நீட்டுவதில்லை. வேறு பாஷை பேசுகிறவர்களின் எழவு என்றால் மட்டும் நமக்கு ஏன் இந்தத் தைரியம் வருகிறது?

இதை எழுதினால் "திபெத்காரர்களுக்குப் போட்டோ என்றால் மூடநம்பிக்கை, ஆயுசு குறையும் என்று பயப்படுவார்கள்" என்று ஒருவர் கிளம்பி வருவார். அய்யா, அது நம் ஆச்சிகள் சொன்னது! திபெத்துக்குக் கேமரா நேற்று வந்ததில்லை. 1930-களிலேயே லாசாவில் பிரபுக்கள் வீட்டில் கேமரா இருந்தது. டெமோ ரின்போச்சே என்ற பெரிய லாமாவே போட்டோ எடுத்துக் கழுவத் தெரிந்தவர். அவர்கள் வீட்டுப் பூஜை மேடையில் குருவின் போட்டோ, அதன்மேல் வெள்ளைச் சால்வை. நாம் தாத்தா படத்துக்குப் பொட்டு வைத்து மாலை போடுவது மாதிரி. தலாய் லாமா படம் வைத்திருக்கக் கூடாது என்று 1990-களின் நடுவில் திபெத்தில் தடை வந்தது. ஒரு போட்டோவை ஒளித்து வைத்ததற்காக ஜெயிலுக்குப் போனவர்கள் அந்தச் சமூகத்தில் உண்டு. போட்டோவின் மதிப்பை அவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டாம்.

சரி, வழக்கமாக வரும் எதிர்க்கேள்விகளுக்கு வருவோம்.

"பொது இடம்தானே, சட்டத்தில் தடை இருக்கா?" பெரும்பாலும் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கைப் போட்டவரே கர்நாடக உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த புட்டசாமி. ஆனால் 2023-இல் வந்த தகவல் பாதுகாப்புச் சட்டம் நாம் சொந்த உபயோகத்துக்கு எடுப்பதைத் தொடுவதில்லை. ஆக சட்டம் உங்களைப் பிடிக்காது. நடுரோட்டில் அழுகிறவரை உற்றுப் பார்ப்பதையும் சட்டம் தடுக்கவில்லை. நாம் பார்ப்பதில்லையே.

"அவங்களே போன்ல வீடியோ எடுக்கறாங்க, மடமே நெட்ல போடுதே?" நம் வீட்டுக் கல்யாணத்துக்கு நாம் வைத்த வீடியோகாரர் எங்கே நிற்கணும், எதை எடுக்கக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். தெருவில் போகிறவர் மணமகள் அறைக்குள் கேமராவோடு நுழைந்தால் "நீங்கதானே ஏற்கனவே வீடியோ எடுக்கறீங்க" என்று சொல்ல முடியுமா?

"படம் வெளியே போனால்தானே திபெத் விவகாரம் உலகத்துக்குத் தெரியும்?" இது நியாயமான கேள்வி. படங்கள் உதவியிருக்கின்றன. மார்ச் 10-ஆம் தேதி, 1959 லாசா எழுச்சியின் நினைவு நாளில், கொடி பிடித்துத் தெருவுக்கு வருகிறவர்கள் கேமராவுக்குத் தெரிந்தேதான் வருகிறார்கள். ஆபத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்து அவர்களே எடுத்த முடிவு அது. பத்து நாள் முன்னால் நெய்விளக்கு ஏற்ற வந்த கிழவி அந்த முடிவை எடுக்கவில்லை. அவருக்காக நாம் எடுத்துவிடக் கூடாது.

"கேட்டா இயல்பு போயிடுமே சார்?" போகும், அஞ்சு நிமிஷம். அதற்குமேல் உட்கார்ந்து பாருங்கள், திரும்பி வந்துவிடும். காலையில் வந்து மதியச் சாப்பாட்டுக்குக் குஷால்நகர் போகிறவருக்குத்தான் இயல்பு கிடைக்காது.

குட்டித் துறவிகளைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. மெரூன் அங்கியில் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தால் யாருக்கும் எடுக்கத்தான் தோன்றும். ஆனால் அவர்கள் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள். நேபாளம், பூடான், அருணாசலம் என்று எங்கெங்கோ இருந்து அப்பா அம்மாவை விட்டு வந்தவர்கள். நம் பிள்ளையின் ஸ்கூல் வாசலில் ஒரு அந்நியர் நின்று, வெளியே வரும் குழந்தைகளை ஜூம் போட்டு எடுத்தால் வாட்ச்மேனைக் கூப்பிட மாட்டோமா? சாக்லேட்டோ பத்து ரூபாயோ கொடுத்துப் போஸ் கொடுக்கச் சொல்வது அதைவிட மோசம். அடுத்த வருஷம் அந்தப் பையன் கையை நீட்டினால் "பணத்தாசை பிடிச்சவங்க" என்று எழுதுவதும் நாம்தான்.

என் தொழில் பாஷையில் ஒன்று சொல்லவா? பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள்: வாடிக்கையாளர் போடும் டெபாசிட், பேங்கின் கணக்கில் சொத்துப் பக்கம் வராது, பொறுப்புப் பக்கம்தான் வரும். பணம் நம் பெட்டியில் இருக்கலாம், நமக்குச் சொந்தமில்லை, கேட்டால் பதில் சொல்லணும். ஒருவர் முகம் நம் மெமரி கார்டில் இருப்பதும் அப்படித்தான். கேமரா நம்முடையது, கார்டு நம்முடையது. ஆனால் முகம் பொறுப்புப் பக்கம். ஒரு அக்கவுண்ட் திறக்க பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒன்று வாங்கினாலும், எதற்கு வாங்கினோமோ அதற்கு மட்டும்தான் அதை வைத்துக்கொள்ளணும்.

இனி நடைமுறைக்கு நாலு யோசனை:

1. வாசலில் பலகை இருந்தால் படியுங்கள். இல்லையென்றால் ஒரு துறவியிடம் கேளுங்கள். எங்கே நிற்கலாம் என்று அவரே காட்டுவார்.

2. பிளாஷ் வேண்டாம். நடனக் களத்துக்குள் கால் வேண்டாம். உட்கார்ந்திருப்பவர்களுக்கு முன்னால் நிற்க வேண்டாம்.

3. முகமூடி, அங்கி, வாத்தியம், கொடி, கோபுரம், கூட்டத்தின் முதுகு, ஜெபமாலை உருட்டும் கை, இதெல்லாம் எடுங்கள். முகம் இல்லாமலே அருமையான படங்கள் கிடைக்கும்.

4. முகம் வேண்டுமென்றால் முதலில் "தாஷி தெலே" சொல்லுங்கள். வயதானவரை "ஆமா-லா" என்றால் அம்மா, "பா-லா" என்றால் அப்பா. அந்த "லா" கோயம்புத்தூர் "ங்க" மாதிரி மரியாதைக்கு. பிறகு கேமராவைக் காட்டிக் கண்ணாலேயே கேளுங்கள். கையை ஆட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள். ஏன் என்று கேட்காதீர்கள், அந்தக் காரணம் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கலாம்.

5. எடுத்த படத்தைக் காட்டுங்கள். அனுப்புகிறேன் என்று சொன்னால் அனுப்புங்கள். நெட்டில் போடலாமா என்பதைத் தனியாகக் கேளுங்கள். "எடுத்துக்கோ" என்பதற்கு "உலகத்துக்கே காட்டு" என்று அர்த்தமில்லை.

(நாலு என்று சொல்லி அஞ்சு வந்துவிட்டது. பேங்க்காரன் கணக்கு, கண்டுக்காதீங்க :-))

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கண்டிப்பாகப் போங்கள். சொந்த ஊரை விட்டு வந்தவர்கள் தங்கள் சாமியையும் பண்டிகையையும் கூடவே தூக்கிவந்து காட்டுக்குள் எப்படி நட்டு வளர்த்தார்கள் என்பதை நம்மைப்போல ஊர் விட்டு ஊர் வந்தவர்களின் பிள்ளைகள் பார்க்கணும். போனதும் முதல் ஒரு மணி நேரம் கேமராவைப் பையிலேயே வையுங்கள். அந்தக் கொம்பு வாத்தியம் நெஞ்சுக்கூட்டுக்குள் அதிர்வதை எந்த லென்ஸும் பிடிக்காது.

டிஸ்கி: "அப்போ நீ எடுத்த படம் ஒண்ணுகூட இந்தப் பதிவுல இல்லையே?" என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஒரு ஆமா-லா நெய்விளக்கோடு சிரிக்கும் படம். பிரிண்ட் போட்டு அவரிடமே கொடுத்தாயிற்று. நெட்டில் போடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.